கோட்டை ஓவியங்களும் சமூக ஏற்றத்தாழ்வும்

ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியங்களில் கோட்டை அடிக்கடி இடம்பெறும் பொருளாகும். நீல வானம், விளைந்த வயல், பின்னணியில் உயர்ந்த கோபுரங்கள் என அமையும் இக்காட்சிகள், கோட்டைக்கும் வயலுக்கும் இடையே இருந்த வரி உறவைப் பார்வையாளரின் கவனத்திலிருந்து விலக்கிவிடுகின்றன. 15ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான 'ட்ரே ரிஷ் எர்' என்னும் பிரார்த்தனை நூலின் ஓவியங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

நூலின் பின்னணி

பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானின் மகனான பெர்ரி கோமகன் ஜான் (1340–1416) தம் சொந்தப் பயன்பாட்டுக்காக இந்நூலை உருவாக்கச் செய்தார். லிம்பர்க் சகோதரர்கள் மூவர் 1412 அளவில் பணியைத் தொடங்கினர். 1416இல் கோமகனும் ஓவியர் மூவரும் இறந்தனர். எஞ்சிய ஓவியங்களைப் பின்வந்த ஓவியர்கள் முடித்தனர். நூல் இன்று ஷாந்தில்லி நகரின் கொந்தே அருங்காட்சியகத்தில் உள்ளது.

மாத ஓவியங்கள்

நாட்காட்டிப் பகுதியில் மாதத்திற்கு ஒன்றாக 12 ஓவியங்கள் உள்ளன. மார்ச் மாதத்தில் முதிய உழவர் ஒருவர் ஏர் ஓட்டுகிறார். சிலர் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்கின்றனர். பின்னால் லூசிஞன் கோட்டை நிற்கிறது. ஆகஸ்டில் பிரபுக் குடும்பத்தினர் வல்லூறுகளுடன் குதிரையில் வேட்டைக்குச் செல்கின்றனர். அவர்களுக்குப் பின்னால், எத்தாம்ப் கோட்டையின் அடிவாரத்தில், உழவர்கள் கோதுமை அறுக்கின்றனர். அக்டோபரில் பாரிசின் லூவர் கோட்டைக்கு எதிரே விதைப்பு நடக்கிறது.

ஓவியத்தில் இல்லாதவை

உழைப்பவர்களை ஓவியர்கள் மறைக்கவில்லை. உழைப்பின் பயன் யாரிடம் சேர்ந்தது என்பதே காட்சியில் இல்லை. நில வாடகை, விளைச்சலில் பங்கு, பிரபுவின் ஆலையில் மாவரைக்கக் கட்டணம், தேவாலயத்துக்குத் தசம பாகம், அரசனுக்கு வரி எனப் பல சுமைகள் உழவர்மீது இருந்தன. 1358இல் வட பிரான்சில் 'ஜாக்கரி' எனப்படும் உழவர் கிளர்ச்சி வெடித்துக் கொடூரமாக ஒடுக்கப்பட்டது. பெர்ரி கோமகன் ஆட்சி செய்த லாங்டாக் பகுதியிலும் 1380களில் 'துஷான்' கிளர்ச்சி பரவியது. வரிக்கொடுமை பற்றிய முறையீடுகளுக்குப் பின், 1389இல் மன்னர் ஆறாம் சார்லஸ் அவரை அப்பொறுப்பிலிருந்து நீக்கினார். இவற்றின் சுவடு எதுவும் ஓவியங்களில் இல்லை.

மதிப்பீடு

நாட்காட்டி வடிவமே ஏற்றத்தாழ்வை இயல்பானதாகக் காட்டுகிறது. மழையும் வெயிலும் போல, உழவர் உழுவதும் பிரபு வேட்டையாடுவதும் பருவத்தின் ஒழுங்காகத் தோன்றுகின்றன. இடைக்கால உழவர் வாழ்க்கையை விளக்க இவ்வோவியங்கள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. உழுகருவி, உடை, பயிர்த்தொழில் ஆகியவற்றுக்கு இவை மதிப்புமிக்க சான்றுகள். ஆனால், உழவரின் வாழ்க்கை நிலையை அறிய வரிப்பதிவுகளையும் கிளர்ச்சி வரலாற்றையும் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏனெனில் இவை உழவர் பார்க்க வரையப்பட்டவை அல்ல. கோட்டையின் உரிமையாளர் பார்த்து மகிழ வரையப்பட்டவை.