காது மிஷின்: பெட்டியும் பெயரும்

ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் புதிதாக ஓர் அடைமொழி வந்து சேர்ந்தால், அதற்குப் போட்டி வந்துவிட்டது என்று பொருள். கைபேசி வந்த பிறகுதான் வீட்டுத் தொலைபேசி ‘லேண்ட்லைன்’ ஆயிற்று. சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஓர் ஒயர் என்று இருக்கும் கருவியை இன்று ‘பாக்கெட் மாடல்’ என்கிறோம். 1950க்கு முன் இந்த அடைமொழிக்குத் தேவை இருக்கவில்லை. அணிந்துகொள்ளும் மின்கருவி என்றாலே அது பெட்டியும் ஒயரும்தான்.

தொடக்கத்தில் இந்தக் கருவிக்குப் பொதுப்பெயர் ஊன்றவில்லை. செய்தவர்கள் வைத்ததே பெயர். அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1898 வாக்கில் உருவாக்கியது ‘அக்கூஃபோன்’. அடுத்து வந்தது ‘அக்கூஸ்டிகான்’. இரண்டுக்கும் வேர் ‘கேள்’ என்னும் பொருளுடைய கிரேக்க வினை. பிரிட்டனின் அரசி அலெக்ஸாண்ட்ரா பயன்படுத்தியதால் ஹட்சிசனின் கருவி புகழ்பெற்றது. 1930களில் லண்டனில் வந்த ‘ஆம்ப்ளிவாக்ஸ்’ என்ற பெயரில் குரலைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ.

மக்கள் வாயில் இரண்டு பொதுப்பெயர்கள் வழங்கின. பிரிட்டனில் ‘டெஃப் எய்டு’ என்றார்கள்: செவிடருக்கான துணை. அமெரிக்காவில் ‘ஹியரிங் எய்டு’: கேட்பதற்கான துணை. முன்னது மனிதரின் குறையைச் சொல்கிறது. பின்னது அவர் செய்ய விரும்பும் செயலைச் சொல்கிறது. பின்னதே உலகெங்கும் நிலைத்தது.

தமிழில் ‘செவி’, ‘செவிடு’ இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனாலும் பேச்சில் உள்ள ‘காது மிஷின்’, அரசு அறிவிப்புகளில் வரும் ‘காதொலிக் கருவி’, நூல்களில் காணும் ‘செவித்துணைக் கருவி’ ஆகிய மூன்றிலும் ‘செவிடு’ இல்லை. காதும் ஒலியும் துணையும்தான் இருக்கின்றன. அணிபவரைச் சிறுமைப்படுத்தாத பெயர்கள் இவை; தமிழ் இதைச் சரியாகவே செய்திருக்கிறது.

பெயரைப் போலவே பெட்டிக்கும் காரணம் உண்டு. ஒலியைப் பெருக்கியவை வெற்றிடக் குழல்கள். குழலின் இழையைச் சூடாக்க ஒரு தாழ்ந்த மின்னழுத்த பேட்டரி வேண்டும். மின்னோட்டத்தை இழுக்க 22.5 அல்லது 30 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தத்தில் இன்னொன்று வேண்டும். இத்தனையும் காதில் தொங்காது, மார்பில்தான் தங்கும். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது இலவசமாகக் கொடுத்த ‘மெட்ரெஸ்கோ’ இத்தகையது. மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆங்கிலப் பெயரிலுள்ள மூன்று சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்து அந்தப் பெயரை அமைத்தார்கள். கடையில் விற்ற பண்டம் பொதுச்சொத்தாக மாறியதற்கு அந்தப் பெயரே சான்று.

1952 இறுதியில் அமெரிக்காவில் ‘சோனோடோன் 1010’ வந்தது. அதில் இரண்டு சிறு குழல்களோடு ஒரு டிரான்சிஸ்டரும் இருந்தது. பொதுமக்கள் கைக்கு டிரான்சிஸ்டர் முதலில் வந்தது வானொலியில் அல்ல, காது மிஷினில்தான். பெல் ஆய்வகம், அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக, காதுக்கருவிகளுக்கு மட்டும் டிரான்சிஸ்டர் காப்புரிமைத் தொகையை விட்டுக்கொடுத்தது. சில ஆண்டுகளில் குழல்கள் மறைந்தன. உயர் மின்னழுத்த பேட்டரியும் போயிற்று. கருவி மூக்குக்கண்ணாடியின் காம்புக்கும், பிறகு காதின் பின்பக்கத்துக்கும் ஏறியது. அப்போதுதான் பழைய பெட்டிக்கு அடைமொழி தேவைப்பட்டது.

அந்தப் பெட்டியின் அமைப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். துளையிட்ட மூடிக்குள் மைக். பக்கத்தில் விரலால் உருட்டும் வால்யூம் சக்கரம். பல கருவிகளில் ‘எம்’, ‘டி’ என்று ஒரு சுவிட்சும் உண்டு: ‘எம்’ மைக்குக்கு, ‘டி’ தொலைபேசியின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் கம்பிச்சுருளுக்கு. பின்னால் சட்டையில் மாட்ட ஒரு கிளிப். ஒயரின் மறுமுனையில் பொத்தான் வடிவ ரிசீவர். அது காதின் அளவுக்கு வார்த்த அச்சில் பொருந்தும்.

குறைகள் இருந்தன. சட்டைத் துணி மைக்கில் உரசினால் அந்த உரசலும் பெருகிக் கேட்கும். மார்பில் இருப்பதால் தாழ்ந்த ஒலிகள் சற்று மிகும், உயர்ந்த ஒலிகள் மங்கும். ஆனால் மைக்கும் ரிசீவரும் தள்ளித் தள்ளி இருப்பதால் கீச்சிடும் தொல்லை குறைவு. அதனால் காது மிக மந்தமானவர்களுக்கு வேண்டிய அளவுக்கு ஒலியைக் கூட்ட முடிந்தது.

இந்தியாவில் 1981இல் மத்திய அரசு தொடங்கிய உதவி உபகரணத் திட்டத்தின் வழியாகவும் இவை ஏராளமானோருக்குப் போய்ச் சேர்ந்தன. பென்டார்ச் செல்லில் ஓடுபவற்றுக்குத் தெருமுனைக் கடையிலேயே செல் கிடைக்கும். பட்டாணி அளவுப் பொத்தான் செல்லைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டாம். விரல் நடுங்கும் முதியவரும் சக்கரத்தைத் தாமே உருட்டலாம், செல்லைத் தாமே மாற்றலாம். ‘பழைய மாடல்’ என்று ஒதுக்கினால் இந்தப் பயன் கண்ணில் படாமல் போகும். ‘பாக்கெட் மாடல்’ என்பது அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும் நேர்மையான பெயர். அந்தப் பெயரிலேயே அழைப்போம். தேவைப்படுவோருக்குத் தயங்காமல் அதையே வாங்கித் தருவோம்.