தேயிலைச் சாயமும் தலைமுடியும்: எதை நம்பலாம், எங்கே கவனம் வேண்டும்?

மலையகத்தில் பால் கலக்காத தேநீரைச் 'சாயம்' என்பார்கள். விடியற்காலையில் மலைக்கு ஏறுமுன் குடிப்பது சாயம். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பதும் சாயம். துணிக்கும் முடிக்கும் ஏற்றுகிற நிறத்துக்கும் தமிழில் அதே சொல்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் கடைச் சாயங்களின் விலை ஏறியபோது, இந்த இரண்டு பொருளும் ஒரே கேள்விக்குள் வந்தன. தேயிலைச் சாயத்தைத் தலைக்கு ஊற்றினால் நரை மறையுமா? கண்டியிலிருந்து மலையகம் பற்றி எழுதிவரும் என்னிடம் தோட்டத்துப் பெண்களும் கேட்டார்கள், வன்னியிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்களும் கேட்டார்கள்.

இது வெறும் அழகு பற்றிய கேள்வி அல்ல. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் நாற்பது வயதுக்கு முன்பே நரைத்த தலையோடு ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வேலை கேட்டுப் போகிறார்கள். கணவரை இழந்தவர் நரையை மறைத்தால் ஊர் ஒன்று சொல்லும். மறைக்காமல் போனால் வேலை கொடுப்பவர் வேறொன்று சொல்வார். இதற்கிடையில் 'இயற்கை', 'மூலிகை' என்று எழுதிய பொதிகள் வீடு தேடி வருகின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்பதைப் பலர் தலை வீங்கிய பிறகே அறிகிறார்கள்.

கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான். தேயிலைச் சாயத்தைத் தலைக்கு ஊற்றலாம். அது முடிக்கு இலேசான கபில நிறமும் மினுக்கமும் தரும். நரையைக் கறுப்பாக்காது, முடியை வளர்க்காது. இந்த எல்லையைத் தெரிந்து பயன்படுத்தினால் நன்மை உண்டு.

கொழுந்தில் இருக்கும் நிறம்

கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தவர்களுக்குத் தேயிலை ஒரு சாயப்பொருள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பச்சைக் கொழுந்தின் சாறு பட்ட இடம் காற்றில் கறுக்கும். சவர்க்காரம் போட்டாலும் இலகுவில் போகாது.

காரணம் இலையில் உள்ள பொலிபினோல் எனப்படும் சேர்மங்கள். இலை கசங்கும்போது அதிலுள்ள நொதியமும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்து, நிறமற்ற கட்டெச்சின்களைத் தியாபிளேவின், தியாருபிஜின் என்னும் செம்மஞ்சள், செங்கபில நிறப்பொருட்களாக மாற்றுகின்றன. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைப்பது இதற்காகத்தான். 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்குள்ள பழைய இயந்திரங்களைப் பார்த்தால் இந்தப் படிமுறை தெளிவாக விளங்கும். பச்சைத் தேயிலையில் இந்த ஒட்சியேற்றம் தடுக்கப்படுவதால் அது முடிக்கு நிறம் தராது. நிறம் வேண்டுமென்றால் கறுப்புத் தேயிலைதான்.

இந்த இலைக்கும் கண்டிக்கும் உள்ள தொடர்பு நீண்டது. 1839 இல் அசாமிலிருந்து வந்த தேயிலை விதைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அவருடைய கல்லறை கண்டி மஹய்யாவையில் இருக்கிறது. மலையைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்களுக்கோ பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல வன்னியில் குடியேறின. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிராமங்களில் அவர்களின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். 2009 வரையான போரையும் அவர்கள் அங்கிருந்தே அனுபவித்தார்கள். இதை வாசிப்பவர்களில் சிலரின் அம்மம்மா கொழுந்து பறித்தவராக இருக்கலாம்.

முடியில் என்ன நடக்கிறது?

தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார். நிறம் உருவாவது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையில். ஆகவே மேலே எதைப் பூசினாலும் ஏற்கனவே வெளுத்து வளர்ந்த முடி உள்ளிருந்து கறுத்து வராது. வெளிப்புறத்தில் ஒரு நிறப்படலம் ஒட்டும், அவ்வளவுதான்.

தேயிலையின் தனின்கள் புரதத்தில் ஒட்டும் தன்மை உடையவை. வெள்ளை முடியில் அவை மங்கிய தேன் நிறம் முதல் இளங்கபிலம் வரை தரும். கறுப்பு முடியில் நிற மாற்றம் தெரியாது, வெயிலில் ஒரு மினுக்கம் மட்டும் தெரியும். சில முறை தலைக்குக் குளித்ததும் நிறம் கழுவிப்போகும். நரை குறைவாக உள்ளவர்களுக்கு, வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான வேறுபாடு கொஞ்சம் தணியும். தலை முழுதும் நரைத்தவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

மென்மை பற்றியும் சொல்ல வேண்டும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அது முடியின் மேற்செதில்களை விரியச் செய்வதால் முடி சொரசொரக்கும். தேயிலைச் சாயம் சற்று அமிலத்தன்மை உடையது என்பதால், கடைசியில் ஊற்றும்போது செதில்கள் படிந்து முடி வழவழப்பாகும். ஆனால் அதே தனின் அளவு கூடினால் முடியை வறளச் செய்யும். அதனால் குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் வைப்பது நல்லது. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதைச் சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எங்கள் வீடுகளில் இது முன்பே தெரிந்த விடயம்.

செய்முறை

தேவையானவை: மூன்று மேசைக்கரண்டி தேயிலைத் தூள், இரண்டு கோப்பைத் தண்ணீர். விலை கூடிய பெரிய இலைத் தேயிலை வேண்டாம். 'டஸ்ட்' என்று கடைகளில் நிறுத்துக் கொடுக்கும் மலிவான தூளே போதும். துகள் சிறிதாக இருப்பதால் சாயம் விரைவாக இறங்கும். சீனியோ பாலோ சேர்க்கக் கூடாது.

1. தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தூளைப் போட்டு, இறக்கி மூடி 20 நிமிடம் விடுங்கள்.
2. மெல்லிய துணியில் வடித்து நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு தலையில் ஊற்ற வேண்டாம்.
3. தலையைக் கழுவி, தண்ணீரைப் பிழிந்தெடுத்த ஈர முடியில் மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஒரு பேசின் வைத்து, வழிந்ததை எடுத்து மீண்டும் ஊற்றலாம்.
4. பழைய துணியால் தலையைக் கட்டி அரை மணி நேரம் இருங்கள்.
5. குளிர்ந்த தண்ணீரால் மட்டும் அலசுங்கள். சவர்க்காரமும் ஷாம்பூவும் வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு முறை போதும். வெள்ளைத் துவாயும் தலையணை உறையும் கறைபடும் என்பதை நினைவில் வையுங்கள். மிஞ்சிய சாயத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். வெளியே வைத்துப் புளித்ததைத் தலைக்குப் பயன்படுத்தாதீர்கள். தலையில் புண், சொறி, பொடுகு வெடிப்பு இருந்தால் அவை ஆறும்வரை பொறுத்திருங்கள்.

கூடச் சேர்க்கும் மூலிகைகள்

செவ்வரத்தை: இலையை அரைத்தால் வரும் வழுவழுப்பான சாறு நல்ல மென்மை தரும். பூவின் சிவப்பு முடியில் நிற்காது, அடுத்த கழுவலில் போய்விடும்.

வெந்தயம்: இரவு ஊறவைத்து அரைத்தால் இதே வழுவழுப்புக் கிடைக்கும். தேயிலையால் முடி வறள்பவர்கள் இதை மாற்று வாரத்தில் வைக்கலாம்.

கையாந்தகரை: தமிழ்நாட்டில் கரிசலாங்கண்ணி, சிங்களத்தில் கீகிரிந்திய. வயலோரத்தில் தானாக முளைப்பது. எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பது இரு சமூகங்களிலும் உள்ள பழைய வழக்கம். முடியைப் பேண உதவும் என்று தேய்க்கலாம், நரையை மாற்றும் என்று நம்பித் தேய்க்க வேண்டாம்.

நெல்லியும் இரும்புச் சட்டியும்: நெல்லித் தூளையோ தேயிலைச் சாயத்தையோ இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் கருமையாகும். தனினும் இரும்பும் சேர்ந்து கருநிறச் சேர்மம் உருவாவதே காரணம். பழைய காலத்து எழுத்து மையும் இதே முறையில்தான் செய்யப்பட்டது. நிறம் கொஞ்சம் ஆழமாகும், முடி இன்னும் வறளும்.

மருதோன்றி: இவற்றில் உண்மையாக நிலைத்து நிற்கும் சாயம் இது ஒன்றுதான். இதிலுள்ள லோசோன் கெரட்டினோடு பிணைந்துகொள்வதால் முடி வளர்ந்து வெட்டப்படும்வரை நிறம் இருக்கும். வெள்ளை முடியில் தனியாகப் போட்டால் செம்மஞ்சள் நிறம் வரும். தண்ணீருக்குப் பதில் ஆறிய தேயிலைச் சாயத்தில் குழைத்தால் செம்மை சற்று அடங்கிக் கபிலமாகத் தெரியும். மருதோன்றியைக் கழுவிய பிறகு அவுரிப் பசையைத் தனியாகப் போட்டால் கருங்கபிலம் வரை போகலாம். சிறு குழந்தைகளின் உடலில் பரவலாக மருதோன்றி பூச வேண்டாம். ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு.

'இயற்கை' என்ற பெயரில் வரும் கறுப்பு

இலைகளால் சில நிமிடங்களில் கடுங்கறுப்பு வராது. ஒரு பொதியில் 'மூலிகை மருதோன்றி' என்று எழுதியிருந்து, அரை மணி நேரத்தில் கருகரு என்று ஏறினால், அதில் பி.பி.டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பரா-பீனைலீன்டையமீன் இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். சுத்தமான மருதோன்றித் தூள் பச்சை நிறமானது. நிறம் பிடிக்க மணிக்கணக்கில் எடுக்கும். தோலில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும்.

பி.பி.டி உலகம் முழுவதும் தலைச் சாயங்களில் பயன்படும் பொருள்தான். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் அதை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூச அனுமதியே இல்லை. கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கையில் போடும் 'கறுப்பு மருதோன்றி' இதனால்தான் ஆபத்தானது. சிறுவயதில் ஒரு தடவை அதற்கு ஒவ்வாமை ஏற்பட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் தலைச் சாயம் போடும்போது உடல் கடுமையாக எதிர்வினை காட்டக்கூடும்.

எனது உறவுக்காரப் பெண் ஒருவர் மகளின் பூப்புனித நீராட்டுக்கு முதல் நாள் இப்படி ஒரு பொதியை வாங்கிப் போட்டார். மறுநாள் காலை இமைகள் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியிருந்தன, உச்சியிலிருந்து நீர் வடிந்தது. படங்களில் அவர் இல்லை. பொதியின் முன்பக்கத்தில் இலைகளின் படம், உள்ளடக்கப் பட்டியல் எங்கும் இல்லை.

எந்தச் சாயமானாலும், தேயிலை உட்பட, முதலில் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவத்தல் வந்தால் தலையில் போடாதீர்கள். முகம் வீங்கி மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். உள்ளடக்கம் எழுதாத பொதிகளை விற்பவர்கள் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம்.

போரும் நரையும்

'முள்ளிவாய்க்காலுக்குப் பிறகுதான் தலை நரைத்தது' என்று சொல்லும் பலரை நான் சந்தித்திருக்கிறேன். இதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. கடும் நெருக்கடியின்போது நரம்புகள் வெளிவிடும் சுரப்பு, முடிக்கு நிறம் தரும் மூல உயிரணுக்களைத் தீர்த்துவிடுவதை ஹாவர்ட் ஆய்வாளர்கள் 2020 இல் எலிகளில் காட்டினார்கள். மனிதரில் பரம்பரையும் வயதும் முதன்மைக் காரணங்கள், ஆனால் மனஅழுத்தத்தின் பங்கை அறிவியல் இன்று மறுப்பதில்லை.

முடி உதிர்வு இன்னும் தெளிவானது. பட்டினி, கடுங்காய்ச்சல், பிரசவம், பேரிழப்பு ஆகியவற்றின் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிர்வது வைத்தியர்கள் நன்கறிந்த நிலை. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகத் திரும்பும். திரும்பாவிட்டால் இரத்தச் சோகையோ தைரொயிட் குறைபாடோ இருக்கலாம். அதற்கு அரச வைத்தியசாலையில் இரத்தம் சோதிக்க வேண்டும், எண்ணெய் வாங்கிப் பயனில்லை. தேயிலையின் கபேயின் முடியை வளர்க்கும் என்று சொல்பவர்களும் உண்டு. கபேயின் கலந்த ஷாம்பூ முடி உதிர்வைக் குறைக்கும் என்ற விளம்பரத்தை ஆதாரம் போதாது என்று பிரித்தானிய விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018 இல் நிறுத்தியது.

வன்னியிலும் மலையகத்திலும் சிறு சுயதொழிலாக மூலிகை எண்ணெயும் தூளும் செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவது நல்லது. செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்னென்ன சேர்த்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். 'நரை மாறும்', 'முடி வளரும்' என்று எழுதாதீர்கள். மென்மை தரும், இலேசான நிறம் தரும் என்பதே உண்மை. வாங்கியவர் அடுத்த மாதமும் வருவதற்கு அது போதும்.