மெல்லிய சுவருக்கு அப்பால்



யப்பானிய மரபு விடுதியாகிய 'ரியோக்கான்' பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் இனிமையையே பேசுவர். வாசலிலே பாதணியைக் கழற்றுதல், 'தத்தாமி' என்னும் பாய் பதித்த தரை, வெந்நீர்க் குளியல், அறைக்கே வரும் இரவுணவு, உண்டபின் அதே அறையில் விரிக்கப்படும் படுக்கை என்று அவ்விருந்தோம்பல் விரிந்து செல்லும். ஆனால் அது வளர்ந்த வரலாற்றை நோக்குவோமாயின், அங்கே அன்போடு ஐயமும் அதிகாரமும் கலந்திருக்கக் காண்கிறோம்.

யமனாசி மாகாணத்திலுள்ள கெய்யுன்கான் விடுதி கி.பி. 705 இல் தொடங்கியது என்பது மரபு. உலகின் மிகப் பழைய விடுதியென 2011 இல் கின்னஸ் அதனை ஏற்றுக்கொண்டது. எனினும் பெருவீதிகள் நெடுகிலும் விடுதிகள் பெருகியது பதினேழாம் நூற்றாண்டிலேதான். 1601 இல் தொக்குகாவா இயேயாசு, எடோ நகரையும் கியோத்தோவையும் இணைக்கும் தோக்காய்தோ வீதியில் தங்குநிலையங்களை ஒழுங்குபடுத்தினார். இன்றைய டோக்கியோவே அன்றைய எடோ. ஏறத்தாழ 490 கிலோமீற்றர் நீண்ட அவ்வீதியில் 53 நிலையங்கள் அமைந்தன.

1635 இல் மூன்றாம் சோகுன் இயேமித்சு ஒரு கட்டளை பிறப்பித்தார். பிரதேசத் தலைவர்கள் முறைவைத்து எடோவிலே வந்து வசிக்க வேண்டும். அவர்களின் மனைவி மக்களோ எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். பெயர் எதுவாயினும் அவர்கள் பணயக் கைதிகளே. பெரும் பரிவாரங்கள் ஓயாது வந்துபோயின. விடுதித் தொழில் செழித்தது. தலைவர்களுக்கு 'ஹொன்ஜின்', சாதாரணருக்கு உணவோடு படுக்கை தரும் 'ஹத்தாகோ', ஏழைகளுக்கு, விறகுக்கூலி மட்டும் கொடுத்துத் தாமே சமைத்துண்ணும் 'கிச்சின்யாதோ'. ஹக்கோனே சோதனைச் சாவடியிலோ, எடோவை விட்டு வெளியேறும் பெண்கள் கூர்ந்து கண்காணிக்கப்பட்டனர்.

ஹத்தாகோக்களில் 'சோறு பரிமாறும் பெண்கள்' எனப்பட்டோர் இருந்தனர். பெயர் பரிமாறுதல், நடந்ததோ உடல் விற்பனை. வறிய குடும்பங்கள் முன்பணம் பெற்று ஒப்படைத்த புதல்விகளே அவர்களிற் பலர். 1718 இல் அரசு விதித்த கட்டுப்பாடு, விடுதிக்கு இருவர் என்பதே. அதாவது, அரசு இதனைத் தடுக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் வரையறுத்தது.

இவ்விடத்தில் இலக்கியம் நமக்குத் துணைவருகிறது. கவிஞர் பாஷோ 1689 இல் மேற்கொண்ட வடதிசைப் பயணத்தை ஒரு நூலாக எழுதினார். அதிலே, இச்சிபுரி என்னும் ஊரின் விடுதியில், அடுத்த அறையிலிருந்து இரு கணிகையரின் பேச்சு அவர் செவியில் விழுகிறது. இசே ஆலயத்துக்கு யாத்திரை செல்லும் அவர்கள், மறுநாட் காலை, வழித்துணையாகப் பின்தொடர அனுமதிக்குமாறு கண்ணீரோடு கேட்கின்றனர். கவிஞர் மறுத்துவிடுகிறார், ஆயினும் இரக்கம் அவரை விட்டகலவில்லை. உடன்சென்ற சோராவின் நாட்குறிப்பிலே இந்நிகழ்ச்சி இல்லாமையால், இது கற்பனையென்று கருதும் அறிஞர் பலர். கற்பனையே ஆயினும், ஒரே கூரையின் கீழ்த் துயின்றவர்களிடையே இருந்த தூரத்தை அவர் மறைக்கவில்லை.

1889 இல் தோக்காய்தோ புகையிரதப் பாதை முழுமையடைந்தது. நடைப்பயணிகளை நம்பியிருந்த விடுதிகள் நலிந்தன; வெந்நீரூற்று விடுதிகள் ஓங்கின. 1968 இல் நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவபாத்தாவின் 'பனிநாடு' நாவலிலும் விருந்தாளி வருகிறான், போகிறான். கொமாக்கோ என்னும் கெய்ஷாப் பெண் அவ்வூரிலேயே இருக்கிறாள்.

1980 இல் 80,000 இற்கு மேலிருந்த ரியோக்கான்கள் 2017 இல் 40,000 இற்கும் குறைந்துவிட்டன. ஒரு மரபு அருகுவது வருந்தத்தக்கதே. அவ்வருத்தத்திலே, தட்டேந்தி நின்ற அப்பெண்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். அவர்களுட் பலரின் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை. அவர்கள் அழுகுரலையேனும் ஒரு கவிஞர் கேட்டு எழுதிவைத்தார்.