நல்ல பால்மரம் நமக்கு வந்த வரலாறு



தோட்டத்தில் ஒரே நிரையில் நிற்கும் இரண்டு பால்மரங்கள். ஒன்றில் மங்கு நிரம்பி வழியும். மற்றதில் அடிதான் நனையும். மண்ணும் மழையும் வெட்டிய கையும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேற்றுமை?

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் பழைய தோட்டங்கள் பெரும்பாலும் அந்த வழிவந்த விதைகளிலிருந்தே எழுந்தவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோல் இராததைப் போல, விதை மரங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே ஏக்கருக்கு ஆண்டில் 400, 500 ராத்தல் கிடைப்பதே வழக்கமாயிருந்தது.

இதற்கு வழிகாட்டியது ஒட்டுக் கட்டும் முறை. நாற்றின் பட்டையில் சிறு சாளரம்போல் கீறி, நல்ல மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அதில் பதித்துக் கட்டுவார்கள். சுமார் மூன்று வாரத்தில் அது பிடித்துக்கொள்ளும். பின்னர் நாற்றின் தலையை வெட்டிவிட்டால், மொட்டிலிருந்து எழும் மரம் அந்த நல்ல மரத்தின் நகலாகவே வளரும்.

ஆனால் எது நல்ல மரம்? அதை அறிய மரம் மரமாக வெட்டிப் பாலை அளக்க வேண்டும். சிலாங்கூர்த் தோட்டங்களில் உளி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். விஞ்ஞானியின் கணக்கு தொழிலாளியின் மங்கிலிருந்தே தொடங்கியது.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் சிலாங்கூரில் பிராங் பெசார் தோட்டத்தை அமைத்தனர். மலாய் மொழியில் அப்பெயருக்குப் 'பெரும் போர்' என்று பொருள். அங்குத் தேர்ந்தெடுத்த மரவகைதான் பி.பி. 86. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தோன்றியது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. 1937-இல் அக்கழகத்தார் ஜாவாவின் ஜிர் 1 வகையையும் பி.பி. 86-ஐயும் கையால் மகரந்தம் சேர்த்துக் கலந்தனர். அதில் பிறந்ததே ஆர்.ஆர்.ஐ.எம். 600. நல்ல பராமரிப்பில் அது ஏக்கருக்கு 1,000 ராத்தலுக்கு மேல் தந்தது. தாய்லாந்திலும் அது பெருமளவில் பரவியது.

புதிய வகை என்றதும் தோட்டம் முழுவதும் நட்டுவிடலாமா? கூடாது. பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். தவறான வகையை நட்டால் ஒரு தலைமுறையே அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். குறைந்த பால் என்றால், எடைக்கேற்ற கூலியும் குறைவுதானே! அதிகப் பால் தந்த ஆர்.ஆர்.ஐ.எம். 501 காற்றில் எளிதாக முறிந்தது. 600-க்கோ இலையுதிர் நோயின் தொல்லை உண்டு. நகல் மரங்கள் ஒரே தன்மையுடையவை. ஆகவே ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். இதனால்தான் ஆராய்ச்சிக் கழகம் வகைகளைத் தரம் பிரித்தது. நன்கு சோதித்தவற்றைப் பெரும்பரப்பிலும், புதியவற்றைச் சிறுபரப்பிலும் நடச் சொன்னது.

1995-இல் பிராங் பெசார் நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழத் தொடங்கியது. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு மாறின. இன்று அங்கே அரசாங்க மாளிகைகள் நிற்கின்றன. பி.பி. என்ற இரண்டெழுத்து மட்டும் உலகெங்கும் ரப்பர் தோட்டங்களில் அந்தப் பெயரைக் காத்து வருகிறது. அதன் பின்னால் இருந்த உழைப்பில் நம் பெற்றோர், பாட்டன் பாட்டியரின் பங்கும் உண்டென்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.