பிறவி உதரவிதானக் குடலிறக்கம்

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை உதரவிதானம். கருவின் பத்தாவது வாரவாக்கில் அது முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் ஓட்டை நின்றுவிட்டால் குடல், இரைப்பை, மண்ணீரல், சில சமயம் கல்லீரலும் நெஞ்சுக்குள் புகுந்துவிடும். சுமார் 3,000 பிரசவங்களில் ஒன்றில் இது நேர்கிறது. பத்தில் எட்டுக்கு மேல் இடப்பக்கம். பெயரில்தான் 'இறக்கம்', உண்மையில் குடல் மேலே ஏறுகிறது.

பெயர் மட்டுமல்ல, ஓட்டையும் மருத்துவர்களை வெகுகாலம் திசைதிருப்பியது. 1754-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் மெக்காலே, பிறந்த சற்று நேரத்தில் இறந்த குழந்தையின் உடலைத் திறந்து இதைப் பதிவுசெய்தார். மார்பெலும்பை ஒட்டி முன்பக்கம் வரும் அரிய வகைக்கு இத்தாலியரான மோர்காக்னியின் பெயரும், பின்பக்கவாட்டில் வரும் பரவலான வகைக்குப் பிராகா நகர உடற்கூற்றியலாளர் பொக்டாலெக்கின் பெயரும் நிலைத்தன. 1848-இல் எழுதிய பொக்டாலெக், உருவாகி முடிந்த சவ்வு பிறகு கிழிவதாக நினைத்தார். அது தவறு, ஆனாலும் ஓட்டை அவர் பெயரிலேயே இருக்கிறது.

1940-இல் பாஸ்டனின் லாடும் கிராஸும் 16 குழந்தைகளுக்கு அறுவை செய்து 9 பேரைப் பிழைக்க வைத்தனர். 1946-இல் கிராஸ், பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத சிசுவைக் காப்பாற்றினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஒரே விதி: குழந்தை பிறந்ததும் அறுவை அரங்குக்கு ஓடு, குடலைக் கீழே இழு, ஓட்டையைத் தை. தையல் பிரமாதமாக அமைந்தது. ஆனால் பல குழந்தைகள் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு நீலம் பாரித்து இறந்தன.

காரணம் நுரையீரலில் இருந்தது. குடல் அடைத்த பக்கத்தில் நுரையீரல் கட்டைவிரல் அளவில் குறுகிக் கிடக்கும். எதிர்ப்பக்க நுரையீரலும் முழுதாக வளர்ந்திருக்காது. இரத்தநாளங்களின் சுவர் தடித்துச் சுருங்குவதால், இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் கருவில் இருந்த குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும். 1987-இல் டொரண்டோ ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பின் பெரும்பாலான குழந்தைகளின் நுரையீரல் இன்னும் விறைப்பாகிறது என்று காட்டியது. அவசரம் நின்றது. இரண்டாவது மாற்றமும் அதே காலத்தில் வந்தது. கார்பன் டை ஆக்சைடைக் கட்டாயம் இறக்கியே தீர வேண்டும் என்று வென்டிலேட்டரில் காற்றை அழுத்தித் திணிப்பது நுரையீரலைக் கிழிப்பதை உணர்ந்து, நியூயார்க்கில் ஜென்-தியென் வுங் மென்மையான சுவாச முறையைக் கொண்டுவந்தார். இத்துறையின் ஆகப் பெரிய முன்னேற்றம் புதிய கருவி எதுவும் அல்ல, இந்தப் பொறுமைதான். உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ 1970-களில் வந்தது. அது கால அவகாசம் தரும், நுரையீரலை வளர்க்காது. பெரிதும் நம்பப்பட்ட நைட்ரிக் ஆக்சைடு வாயு, 1997-இல் வெளியான ஆய்வில் இக்குழந்தைகளுக்குப் பலன் தரவில்லை.

இன்று பெரும்பாலும் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது: இதயத்தின் பக்கத்தில் இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரியும், இதயம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். தலைச் சுற்றளவோடு ஒப்பிட்டு நுரையீரலை அளந்து, அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய அளவில் 25 சதவீதத்துக்கும் குறைந்தால் கடுமையானது என்பர். கல்லீரலும் மேலேறியிருந்தால் கவலை கூடும். ஸ்கேனில் தப்பினால் பிரசவ அறையில் பிடிபடும்: நெஞ்சு உப்பி, வயிறு ஒட்டிக் குழிந்து, இதய ஒலி வலப்பக்கம் கேட்கும். அப்போது முகமூடி வைத்துப் பையால் காற்றடிப்பது கூடாது. காற்று இரைப்பைக்குப் போய் நுரையீரலை மேலும் நசுக்கும். உடனே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, மூக்கு வழியாக இன்னொரு குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்ய வேண்டும். எக்ஸ்-ரேயில் அந்த இரைப்பைக் குழாயின் நுனி நெஞ்சுக்குள் சுருண்டு கிடப்பதைப் பார்க்கலாம். நாட்கள் கழித்து, நிலை சீரானபின் அறுவை. ஓட்டை பெரிதானால் செயற்கை ஒட்டு.

கருவிலேயே சரிசெய்யும் முயற்சியைத் தொடங்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் மைக்கேல் ஹாரிசன். கல்லீரல் மேலேறிய கருக்களில் அதைக் கீழிறக்கும்போது தொப்புள் நாளம் மடங்கிக் கரு இறந்தது. குரல்வளை அடைத்துப் பிறக்கும் சிசுக்களின் நுரையீரல் பெருத்திருப்பது வேறொரு வழியைக் காட்டியது: மூச்சுக்குழாயை அடைத்தால், சுரக்கும் திரவம் உள்ளேயே தேங்கி நுரையீரலை விரிக்கும். லூவன் நகரின் யான் டெப்ரெஸ்ட் குழுவினர் 27 முதல் 29 வாரத்தில் நுண்குழாய் வழியே சிறு பலூனை வைத்து, 34-ஆம் வாரத்தில் எடுத்தனர். 2021-இல் வெளியான அவர்கள் ஆய்வின் முடிவு: கடுமையான இடப்பக்கப் பாதிப்பில் பிழைத்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 40 ஆக உயர்ந்தனர், மிதமான பாதிப்பில் தெளிவான பலன் இல்லை. விலையும் உண்டு: பனிக்குடம் முன்கூட்டி உடைவதும் குறைப்பிரசவமும் கூடின.

நல்ல வசதியுள்ள மையங்களில் உயிருடன் பிறப்பவர்களில் பத்தில் ஏழு பேர் பிழைக்கின்றனர். இக்கணக்கில் வயிற்றிலேயே இறந்தவையும், மருத்துவமனை சேருமுன் இறந்தவையும் வருவதில்லை. ஹாரிசன் 1978-லேயே இதை 'மறைந்த இறப்பு' என்று சுட்டினார். பிழைத்த பிள்ளைகளுக்கு எதுக்களிப்பு, எடை ஏறாமை, காது மந்தம், முதுகு வளைவு ஆகியவை வரலாம். பிள்ளை வளரும், செயற்கை ஒட்டு வளராது. அதனால் ஓரம் விலகிக் குடல் மறுபடி ஏறும் வாய்ப்பு ஒட்டு வைத்தவர்களுக்கே அதிகம். அவர்களைப் பல ஆண்டுகள் பரிசோதனைக்கு அழைத்துவர வேண்டும்.