கங்கைகொண்ட சோழபுரத்து ஆணையும் நோயாளியின் நாழி அரிசியும்: திருமுக்கூடல் ஆதுலர்சாலையை முன்வைத்து நோயாளர் உணவும் பணிவிடையும்

ஆய்வுச் சுருக்கம்

சோழமன்னன் வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு தமிழக மருத்துவ வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதில் மருத்துவர், மருந்துகள் பற்றிய பகுதிகளே பெரிதும் பேசப்படுகின்றன. நோயாளியின் உணவு, பணிவிடை, இரவு விளக்கு ஆகியவற்றுக்கான ஒதுக்கீடுகளைக் கணக்கிட்டு, அவற்றின் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது. நீண்டகால நோயான புற்றுநோயில் உணவும் துணைப் பராமரிப்பும் பெறும் இடத்தை, 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வரலாற்றோடும் இன்றைய ஜெயங்கொண்டம் பகுதியின் நிலையோடும் இணைத்துப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதுலர்சாலை, திருமுக்கூடல், வீரராசேந்திரன், ஜெயங்கொண்டம், புற்றுநோய், ஊட்டம், துணைப் பராமரிப்பு

முன்னுரை

ஜெயங்கொண்டத்திற்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டுச் சோழரின் தலைநகராக விளங்கியது. அதன் அரண்மனைப் பகுதி இன்று மாளிகைமேடு என்னும் பெயரில் அகழாய்வுக் களமாக உள்ளது. அங்கிருந்த சோழகேரளன் திருமாளிகையில் வீற்றிருந்த வீரராசேந்திரன் (ஆட்சிக்காலம் 1063-1070) பிறப்பித்த ஆணையொன்று, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடலின் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டது. அவ்வூர் அக்காலத்தில் ஜெயங்கொண்ட சோழமண்டலத்தைச் சார்ந்திருந்தது. மண்டலத்தின் பெயரும் இன்றைய ஜெயங்கொண்டம் நகரின் பெயரும் ஒலியால் ஒத்தவை, இடத்தால் வேறானவை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை உள்ளூர் வரலாற்றுக் குறிப்புகளில் நேரக்கூடியதாதலின், இங்குச் சுட்டிச் செல்வது தகும்.

இக்கல்வெட்டை "உலகின் முதல் மருத்துவமனை" என்று போற்றுவாரும் உளர். அப்போற்றுதலுக்குச் சான்று இல்லை. குந்தவைப் பிராட்டி தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு நிலம் அளித்தது இதற்கு முந்தியது. தமிழகத்திற்கு வெளியே இன்னும் பழைய நிறுவனங்கள் உண்டு. திருமுக்கூடலின் சிறப்பு தொன்மையில் இல்லை. ஒரு நோயாளியைப் பேண நாளொன்றுக்கு என்ன வேண்டும் என்பதை நாழிக்கணக்கில் எழுதிவைத்ததில்தான் அது உள்ளது.

ஆதுலர்சாலையின் கணக்கு

சனநாத மண்டபத்தில் இயங்கிய வேதபாடசாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு சேர்த்து அமைக்கப்பட்டது வீரசோழன் ஆதுலர்சாலை. 15 நோயாளிகள் கிடப்பதற்கு அங்கு இடம் இருந்தது. மாணவரும் கோயிற் பணியாளருமே அதன் பயனாளிகள். ஆதலால் இன்றைய பொருளில் இதனைப் பொதுமருத்துவமனை எனல் பொருந்தாது.

பணியாளர் ஊதியம் ஆண்டுக்குரிய நெல்லாகவும் காசாகவும் வகுக்கப்பட்டது. மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்யும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கும் தண்ணீர் கொணர்பவருக்கும் தனித்தனியே 15 கலம். எட்டு நாழி ஒரு குருணி, பன்னிரு குருணி ஒரு கலம் என்னும் அளவையில், 360 நாள் கொண்ட ஆண்டுக்கு இவற்றைப் பகுத்தால் மருத்துவருக்கு நாள்தோறும் மூன்று குருணியும், பணிப்பெண் ஒருவருக்கு நான்கு நாழியும் கிடைத்தமை புலனாகும். அறுவை செய்பவரின் பங்கு மருந்து செய்யும் இருவரில் ஒருவருடைய பங்குக்கு நிகராக இருப்பதை நோக்க, இச்சாலையில் அறுவையினும் உள்மருந்தே முதன்மை பெற்றது எனக் கொள்ளலாம்.

நோயாளி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி. இவ்வொதுக்கீட்டின் எடை மேலோட்டமான வாசிப்பில் தெரிவதில்லை. சோழர் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் ஐந்துக்கு இரண்டு என்ற நெல்-அரிசி வீதத்தைக் கைக்கொண்டால், 15 நாழி அரிசிக்கு 37½ நாழி நெல் தேவை. படுக்கைகள் ஆண்டு முழுதும் நிறைந்திருந்தன எனக் கொள்ளின் இது 140 கலத்துக்குச் சற்று மேற்படும். ஊழியர் அனைவரின் நெல்லூதியமும் சேர்ந்து 240 கலம். மருத்துவரின் 90 கலத்தைவிட நோயாளர் சோற்றுக்கான நெல் ஒன்றரை மடங்குக்கும் மேல். நிறுவனத்தின் நெற்செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது நோயாளியின் வயிற்றுக்குச் சென்றது.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பணிப்பெண்ணின் நான்கு நாழி நெல் அரிசியாகக் குற்றப்படும்போது ஒன்றரை நாழிக்குச் சற்றே மிகும். கிடக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நாழி. அவரைப் பேணி, தன் வீட்டையும் நடத்த வேண்டிய பெண்ணுக்கு அவ்வளவே. பணிவிடை இன்றியமையாதது என உணர்ந்தோரும் அதற்குரிய கூலியைத் தாழ்வாகவே வைத்தனர்.

இரவு முழுதும் எரியும் விளக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 45 நாழி எண்ணெய் குறிக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு ஓர் ஆழாக்கு. நோயாளி இரவில் விழித்திருப்பார், எழுவார், நீர் கேட்பார் என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு இது. சாலையில் ஆண்டுதோறும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் கடுக்காய் சேர்ந்த கலவைகளும், வில்வாதி கிருதம் போன்ற நெய்களும், கல்யாண லவணம் என்னும் உப்பும், தைலங்களும் இடம்பெறுகின்றன. நெய்யும் உப்பும் உணவா மருந்தா எனப் பிரிப்பது எளிதன்று. அப்பிரிவினை அக்கால மருத்துவத்திற்குத் தேவைப்படவும் இல்லை. விக்கிரமசோழனின் 1121ஆம் ஆண்டுத் திருவாவடுதுறைக் கல்வெட்டு, சரகசம்ஹிதையும் அஷ்டாங்க இருதயமும் பயில்வோருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. அவ்விரு நூல்களும் உணவை மருத்துவத்தின் உறுப்பாகவே கொள்பவை.

வீட்டை விட்டு வந்த நோயாளி

கூலி பெறும் பணிப்பெண்கள் ஏன் தேவைப்பட்டனர்? விடை பயனாளிகளின் தன்மையில் உள்ளது. விடுதியில் தங்கிப் பயின்ற மாணவருக்கு அருகில் தாயோ உடன்பிறந்தாரோ இல்லை. குடும்பம் செய்யும் பணியை நிறுவனம் ஏற்றது. வீட்டில் கிடந்த நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சியவரைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசுவதில்லை. அவ்வுழைப்பு நெற்கணக்கில் ஏறாதது.

இவ்விடைவெளி 20ஆம் நூற்றாண்டிலும் மீண்டும் தோன்றுகிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவ்விழப்பே தனி மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணத்திற்கு வித்திட்டது. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டப்பட்டு, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18 அன்று அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனை முன்னின்று நடத்தினார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா இணைந்தார். இறக்கப்போகும் நோயாளருக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் கேள்வி அரசு வட்டத்திலேயே எழுந்ததைச் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அக்கேள்வி சிகிச்சையைப் பற்றியது போல் தோன்றினும், உண்மையில் பராமரிப்பைப் பற்றியதே. குணமாகாதவருக்குச் செலவிடலாமா என்பதே அதன் உட்பொருள்.

திருமுக்கூடலின் 15, அடையாற்றின் 12 ஆகிய எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும் ஆசை எழுவது இயல்பு. அவ்வொப்பீடு அதிகம் பயன் தராது. ஒன்று அரசாணையால் மூடிய சமூகத்திற்காக அமைந்தது. மற்றது மக்களிடம் திரட்டிய நிதியால் எவருக்கும் திறந்திருந்தது. ஒப்பிடத்தக்கது வேறொன்று. மாதக்கணக்கில் கதிர்வீச்சும் மருந்தும் பெற வெளியூர்களிலிருந்து வந்த ஏழை நோயாளியும், திருமுக்கூடல் மாணவரைப் போலவே, வீட்டுச் சோற்றிலிருந்து பிரிக்கப்பட்டவர். அடையாற்று நிலையம் நோயாளரும் உடன்வருவோரும் தங்கத் தருமசாலை அமைக்க நேர்ந்ததன் காரணம் இதுவே.

ஊட்டமும் பத்தியமும்

இன்றைய மருத்துவம் இத்தேவையை அளவிட்டுக் கூறுகிறது. ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு 5க்கு மேல் குறைவது, புற்றுநோயால் வரும் உடல் மெலிவின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. தசை கரையும் இந்நிலை பட்டினியால் மட்டும் வருவதன்று. நோய் தூண்டும் அழற்சி உடலின் ஆக்கச்சிதைவு முறையையே மாற்றுகிறது. எடை குறைந்தவர் சிகிச்சையின் நச்சுவிளைவுகளைத் தாங்கும் ஆற்றலையும் இழக்கிறார். ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், ஒரு கிலோ உடல் எடைக்கு நாள்தோறும் 25 முதல் 30 கிலோகலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 75 கிராம் புரதம். சோறும் இரசமும் மட்டும் இதனைத் தாரா.

இங்குத்தான் மரபு இருமுகம் காட்டுகிறது. பத்தியம் என்னும் கருத்து, உணவைச் சிகிச்சையின் உறுப்பாகக் கண்ட அறிவு. ஆனால் முட்டை, மீன், பயறு, கொட்டை என ஒவ்வொன்றாக விலக்கும் பழக்கமாக அது சுருங்கும்போது, மெலிந்துவரும் நோயாளிக்குத் தேவையான புரதமே விலக்கப்படுகிறது. ஜெயங்கொண்டம் வட்டாரம் முந்திரியும் நிலக்கடலையும் விளையும் நிலம். சிற்றளவில் மிகுந்த ஆற்றலும் புரதமும் தரும் இவ்விரண்டும், வாய்ப்புண்ணோ விழுங்கற் குறையோ உடையவருக்கு அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கத்தக்கவை. விளைநிலத்தின் நடுவே இருந்தும் பத்தியத்தின் பெயரால் அவை தட்டுக்கு வராமற்போவது மரபின் குறையன்று. மரபைப் பாதியாகப் புரிந்துகொண்டதன் விளைவு.

வீடு தேடி வரும் பராமரிப்பு

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வலிதணிப்புப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. திருமுக்கூடலின் இரு பணிப்பெண்களுக்கு இன்றைய வாரிசு எவர் எனத் தேடின், ஊர் ஊராகச் செல்லும் இத்திட்டத்தின் பெண் தன்னார்வலரையும் செவிலியரையும் சுட்டலாம். அவர்தம் ஊதியம் பற்றிய வினாவும் பழையதே.

நோயாளியின் நாழி அரிசிக்கு நேரான ஒதுக்கீடு இன்று ஒரு நோய்க்கு உண்டு. காசநோயாளரின் ஊட்டத்திற்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிய நடுவண் அரசு, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது. புற்றுநோய்க்கு இதற்கு இணையான நாடு தழுவிய மாதாந்திர ஊட்டத்தொகை இல்லை. காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனைச் சிகிச்சையைத் தாங்குகின்றன. சிகிச்சைச் சுற்றுகளுக்கு இடையே வீட்டில் கழியும் வாரங்களின் உணவுச்செலவு குடும்பத்தின் மேல் விழுகிறது. வேலைக்குச் செல்லாமல் உடன் இருப்பவர் இழக்கும் நாட்கூலியும் அவ்வாறே.

திருமுக்கூடல் ஏற்பாட்டுக்கு வருவாய் எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் ஆணை விட்டுவைக்கவில்லை. வயலைக்காவூர் என்னும் தேவதான ஊரிலிருந்து சாலை ஒன்றுக்குச் செலுத்தப்பட்டுவந்த 75 கழஞ்சுப் பொன், கோயிலின் செலவுகளுக்கென மாற்றி எழுதப்பட்டது. நோயாளியின் அரிசியும் ஆழாக்கு எண்ணெயும் அவ்வூரின் வரியோடு கட்டப்பட்டிருந்தன.