கண்ணிவெடித் தடை இயக்கமும் மின்னஞ்சலும்

கண்ணிவெடிகளைத் தடை செய்வதற்கான பன்னாட்டு இயக்கம் 1992ஆம் ஆண்டில் ஆறு தன்னார்வ அமைப்புகளால் தொடங்கப்பட்டது. அதன் ஒருங்கிணைப்பாளராக அமெரிக்காவைச் சேர்ந்த ஜோடி வில்லியம்ஸ் பணியாற்றினார்.

போர் முடிந்தால் துப்பாக்கிகள் ஓயும். மண்ணில் புதைத்த கண்ணிவெடி ஓயாது. விறகு பொறுக்கும் பெண்ணும், மாடு மேய்க்கும் சிறுவனும், வயலுக்குத் திரும்பும் உழவரும் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதில் கால் இழந்தனர். கம்போடியா, அங்கோலா, ஆப்கானிஸ்தான் ஆகியவை இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன.

1996 அக்டோபரில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் நடந்த மாநாட்டில், அடுத்த ஆண்டே தடை உடன்படிக்கையில் கையெழுத்திட வருமாறு கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி உலக நாடுகளை அழைத்தார். 1997 செப்டம்பரில் ஆஸ்லோவில் உடன்படிக்கை இறுதி செய்யப்பட்டது. டிசம்பரில் 122 நாடுகள் ஒட்டாவாவில் கையெழுத்திட்டன. அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசு இவ்வியக்கத்துக்கும் வில்லியம்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இது மின்னஞ்சலால் கிடைத்த வெற்றி என்று அப்போது பலர் எழுதினர். அது முழு உண்மையன்று. தொடக்க ஆண்டுகளில் தொலைபேசியும் தொலைநகலுமே பயன்பட்டன. மின்னஞ்சல் பிற்பாடுதான் வந்தது என்பதை வில்லியம்சே விளக்கியுள்ளார்.

அப்படியானால் இணையத்தின் பங்கு என்ன? முதலாவது, செலவு குறைந்தது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்குப் பணம் இல்லாத ஏழை நாட்டு அமைப்புகளும் செய்திகளை உடனுக்குடன் பெற்றன. இரண்டாவது, காலம் மிச்சமானது. மாநாட்டு அரங்கில் ஒரு நாட்டின் பிரதிநிதி தயங்கினால், அச்செய்தி அந்நாட்டுச் செயற்பாட்டாளர்களுக்கு விரைவில் எட்டும். அவர்கள் தம் அமைச்சரையும் செய்தித்தாள்களையும் அணுகுவார்கள். ஆனால் அவ்வாறு அணுகுவதற்கு அங்கே ஆட்கள் முன்பே திரண்டிருக்க வேண்டும். நேரில் சந்தித்து வளர்த்த நம்பிக்கையும், கால் இழந்தோர் மாநாடுகளில் எழுந்து அளித்த சாட்சியமும் மின்னஞ்சலால் உண்டானவை அல்ல.

உடன்படிக்கை 1999 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மிதிவெடிகள் புதைக்கப்பட்ட இலங்கை, 2017 டிசம்பரில் இதில் இணைந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவை இணையவில்லை.

இன்று ஒரு விரல் அசைவில் ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பலாம். அதைப் பெற்றவர்களுள் எத்தனை பேர் எழுந்து நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஓர் இயக்கத்தின் வலிமை அமைகிறது. இணையப் பரப்புரையைப் பயிலும் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து அறிய வேண்டியது இதுவே.